மாடல் ரயில்: முதல் பாதையைத் திட்டமிடுவது எப்படி

மாடல் ரயில் ஆசை வந்தவர்கள் எல்லோரும் முதலில் ஒரு காகிதத்தை எடுத்துப் பாதை வரைகிறார்கள். முட்டை வடிவத்தில் ஒரு சுற்று, அதற்குள் இன்னொரு சுற்று, இரண்டையும் இணைக்க ஒரு குறுக்கு லைன், மேலே ஒரு பாலம், ஓரத்தில் பெட்டிகளை நிறுத்திவைக்க நாலு லைன் போட்ட யார்டு. காகிதத்தில் எல்லாம் கொள்ளும். தண்டவாளத்தைக் கொண்டுவந்து பலகையில் வைக்கும்போது பாதிக்கு மேல் கொள்ளாது. கொண்ட பாதியிலும் வண்டி நிற்க இடம் இருக்காது.

வரையும்போது மனசில் தண்டவாளம் மட்டும் இருக்கிறது, வண்டி இல்லை. அதுதான் காரணம். ஓடப்போகும் வண்டியின் நீளம் தெரிந்துவிட்டால் வளைவு எவ்வளவு, ஸ்டேஷன் எவ்வளவு, சைடிங் (வேகன் நிறுத்த, ஒரு முனை மூடிய கிளை லைன்) எவ்வளவு என்று எல்லாமே அதிலிருந்து வந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் வண்டியிலிருந்து தொடங்கிப் பாதைக்குப் போகிறோம். உதாரணத்துக்கு 6 அடி நீளம், 2.5 அடி அகலப் பலகையில் ஒரு சின்ன கிராஸிங் ஸ்டேஷனைத் திட்டமிட்டுப் பார்ப்போம். ஒற்றை லைன், எதிரே வரும் வண்டிக்காக ஒரு வண்டி காத்திருக்கும் ஸ்டேஷன். ரயிலில் போன எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான்.

1. வண்டி என்ன செய்யப் போகிறது?

சிலருக்கு வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் போதும், உட்கார்ந்து பார்ப்பதுதான் சுகம். சிலருக்கு வேகனைக் கழற்றி, மாட்டி, தள்ளி, சரியான இடத்தில் நிறுத்தும் ஷண்டிங் வேலையில்தான் ருசி. முதல் வகைக்குச் சுற்றுப்பாதை வேண்டும். இரண்டாம் வகைக்குச் சுற்றே தேவையில்லை, ஒரு அலமாரித் தட்டு போதும்.

தட்டு அளவு இடம்தான் இருக்கிறது என்றால் இங்கிலாந்தில் ஆலன் ரைட் வடிவமைத்த ‘இங்கிள்நூக்’ என்ற ஷண்டிங் அமைப்பைப் பாருங்கள். மொத்தம் இரண்டே பாயிண்ட் (ஒரு லைன் இரண்டாகப் பிரியும் தண்டவாளத் துண்டு), மூன்று சைடிங். ஒன்றில் 5 வேகன் கொள்ளும், மற்ற இரண்டில் தலா 3 கொள்ளும், முன்பக்க லைனில் இன்ஜினும் 3 வேகனும் கொள்ளும். 8 வேகன்களில் 5-ஐச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே ஒரு வண்டியாகக் கோக்க வேண்டும். வரிசைகள் மட்டும் 6,720 வருகின்றன. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு வேலை கொடுக்கும் அமைப்பு வேறு எனக்குத் தெரியாது.

நம் உதாரணத்தில் இரண்டு ஆசையும் உண்டு. வண்டி சுற்ற வேண்டும், ஸ்டேஷனில் வேலையும் இருக்க வேண்டும்.

2. ஸ்கேல்

பரவலாகக் கிடைப்பவை இரண்டு. எச்ஓ, நிஜ ரயிலின் அளவில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ‘என்’, 160-இல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. ஜப்பானிய ‘என்’ வண்டிகளில் பெரும்பாலானவை 150-இல் ஒரு பங்கு, பிரிட்டிஷ் ‘என்’ 148-இல் ஒரு பங்கு. ஓடும் தண்டவாளம் எல்லாவற்றுக்கும் அதே 9 மி.மீ.தான்.

பெரம்பூர் ஐசிஎஃப் தயாரித்த பழைய வகைப் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர். எச்ஓ-வில் அது 245 மி.மீ., ‘என்’ ஸ்கேலில் 133 மி.மீ. புதிய வகையான எல்எச்பி பெட்டி இன்னும் நீளம், எச்ஓ-வில் 270 மி.மீ. தாண்டும். உங்கள் கையில் எந்த நாட்டு வண்டி இருந்தாலும் சரி, கணக்குப் போட வேண்டாம், ரூலரை வைத்து அளந்துவிடுங்கள். இன்ஜின் நீளம், மிக நீளமான பெட்டியின் நீளம், இரண்டு பெட்டிகளைக் கோத்து நிறுத்தினால் கொக்கிக்குப் போகும் இடைவெளி. இந்த மூன்று எண்களையும் திட்டக் காகிதத்தின் தலையில் எழுதி வையுங்கள்.

3. இடம், கை எட்டும் தூரம்

பிளைவுட் 8-க்கு 4 அடியில் வருகிறது. அதனால் பலரும் அதையே அப்படியே பலகையாக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மனிதர் கை வசதியாக எட்டுவது சுமார் 75 செ.மீ. வரைதான். 4 அடி என்பது 122 செ.மீ. சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்பக்கம் தடம்புரண்ட பெட்டியை எடுக்க முடியாது. சுவரை விட்டுத் தள்ளி, இரண்டு பக்கமும் 2 அடி நடைபாதை விட்டால் அறையின் அகலத்தில் 8 அடி இதற்கே போய்விடும். நம் வீட்டுப் படுக்கையறையில் கட்டில் எங்கே போடுவது?

2.5 அடி அகலம் என்றால் 76 செ.மீ. சுவரோரமாகப் போட்டு முன்பக்கம் நின்றபடியே எல்லா இடத்தையும் தொடலாம். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வையுங்கள். இன்னும் உயர்த்தினால் பார்க்க அழகு, ஆனால் பின்பக்கம் கை எட்டுவது குறையும்.

இந்த அகலத்தில் எச்ஓ சுற்று கொள்ளாது. எச்ஓ-வுக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் மிக நெருக்கமான வளைவுகளில் ஒன்று 371 மி.மீ. ஆரம். அரைவட்டத்துக்கே 742 மி.மீ. போய்விடும், பலகை 762 மி.மீ.தான். ஆகவே நம் உதாரணம் ‘என்’ ஸ்கேல்.

பலகையின் மேல், கீழ் இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் ஈரம் ஒரு பக்கமாக ஏறிப் பலகை வளையும்.

4. வளைவு

அனுபவஸ்தர்கள் சொல்லும் கணக்கு: வளைவின் ஆரம் மிக நீளமான பெட்டியைப் போல 3 மடங்காவது இருந்தால் வண்டி நம்பகமாக ஓடும். 133 மி.மீ. பெட்டிக்கு அது 400 மி.மீ. நம் பலகையில் அவ்வளவு பெரிய அரைவட்டம் வராது. கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாள வகையில் உள்ள 315 மி.மீ. வளைவு வரும். 8 துண்டு சேர்ந்தால் முழு வட்டம். இரு ஓரத்திலும் 66 மி.மீ. மிச்சம் இருக்கும்.

315 என்பது பெட்டியைப் போல 2.4 மடங்குதான். ஓடுமா? ‘என்’ ஸ்கேல் பெட்டிகள் பலவற்றில் கொக்கி பெட்டியின் உடலில் இல்லாமல் சக்கரத் தொகுதியிலேயே இருக்கும். வளைவில் கொக்கியும் சேர்ந்து திரும்பும், ஆகவே ஓடும். ஆனால் பெட்டியின் நடுப்பகுதி உட்பக்கம் துருத்தும், முனைகள் வெளிப்பக்கம் துருத்தும், அது கண்ணுக்கு நன்றாக இருக்காது. எனவே முனை வளைவுகளைக் குன்று, மரத்தோப்பு, சாலை மேம்பாலம் என்று ஏதாவது ஒன்றால் மறைக்கலாம் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கண்ணில் படுவது நேரான ஸ்டேஷன் பகுதி மட்டும்.

குகை வைப்பதானால் சுவர் எங்கே வர வேண்டும் என்பதைப் பெட்டியே சொல்லும். நீளமான பெட்டியின் நடுவில் உட்பக்கமாக ஒரு பென்சில் முனை, முனையில் வெளிப்பக்கமாக ஒரு பென்சில் முனை என்று டேப் போட்டு ஒட்டி, வளைவில் கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். பலகையில் இரண்டு கோடு விழும். அந்தக் கோடுகளுக்குள் எதையும் கட்டக் கூடாது.

இன்னொன்று: இடது வளைவு முடிந்த அடுத்த கணமே வலது வளைவு தொடங்கினால் பெட்டிகள் எதிரெதிராக இழுத்துக்கொண்டு தடம்புரளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்த் தண்டவாளம் வையுங்கள்.

5. ஸ்டேஷன்: லூப் லைன் எவ்வளவு கொள்ளும்?

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

பலகை நீளம் 1,829 மி.மீ. இரண்டு முனை அரைவட்டங்களுக்கும் சேர்த்து 630 மி.மீ. நடுவில் 248 மி.மீ. நேர்த்துண்டுகள் நான்கு வைத்தால் 992. மொத்தம் 1,622, இரு முனையிலும் சுமார் 10 செ.மீ. மிச்சம். ஆக, ஸ்டேஷனுக்குக் கிடைத்திருப்பது 992 மி.மீ. நேர்ப் பாதை.

இதில் ஒரு லூப் லைன், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்க லைன், போட வேண்டும். ஒரு முனையில் ஒரு பாயிண்ட், மறு முனையில் ஒரு பாயிண்ட். கேட்டோவின் 6-ஆம் எண் பாயிண்ட் 186 மி.மீ. நீளம், பிரியும் கோணம் 15 டிகிரி, பிரியும் வளைவின் ஆரம் 718 மி.மீ. பிரிந்த லைன் மறுபடி மெயின் லைனுக்கு இணையாகத் திரும்ப இன்னொரு 15 டிகிரி வளைவு வேண்டும், அதற்கும் 186 மி.மீ. ஒரு முனைக்கு 372, இரு முனைக்கு 744. இரண்டு லைனும் முழுக்க இணையாக ஓடும் பகுதி என்று மிஞ்சுவது 248 மி.மீ. மட்டும்!

புதியவர்கள் காகிதத்தில் ஏமாறுவது இங்கேதான். கையால் வரையும்போது பாயிண்ட்டை ஒரு சின்னக் கோடாகப் போட்டுவிடுகிறோம். உண்மையில் ஒரு லூப்பில் பெரும் இடத்தைத் தின்பது அதுதான்.

ஆனால் வண்டி நிற்க இணையான பகுதி மட்டும்தான் என்றில்லை. பக்கத்து லைனில் வரும் வண்டி உரசாத இடம் வரை நிற்கலாம். ரயில்வேயில் அந்த எல்லையை ஃபௌலிங் மார்க் என்பார்கள். நம் பாயிண்ட்டில் அது பாயிண்ட் முடிந்த கொஞ்ச தூரத்தில், தொடக்கத்திலிருந்து சுமார் 200 மி.மீ.-யில் வரும். இரண்டு பக்கமும் 200 கழித்தால் 592. சுமார் 590 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது வண்டி. ஆல்கோ வகை டீசல் இன்ஜின் ஏறக்குறைய 17 மீட்டர், ‘என்’ ஸ்கேலில் 107 மி.மீ. பெட்டி ஒன்றுக்குக் கொக்கி சேர்த்து 139. மூன்று பெட்டியும் இன்ஜினும் 524 மி.மீ., கொள்ளும். நாலு பெட்டி என்றால் 663, கொள்ளாது. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகன் நிஜத்தில் 10.7 மீட்டர்தான், மாடலில் கொக்கியோடு 70 மி.மீ. என்று கொள்ளலாம். இன்ஜினோடு 6 வேகன் கொள்ளும்.

ஆக, இந்தப் பலகையின் பாசஞ்சர் மூன்று பெட்டி வண்டி, கூட்ஸ் ஆறு வேகன் வண்டி. இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பத்துப் பெட்டி எக்ஸ்பிரஸ் வாங்கிவிட்டு இந்தப் பலகையில் ஓட்டினால் இன்ஜின் கடைசிப் பெட்டியைத் துரத்துவது போலத்தான் இருக்கும். மூன்று பெட்டிப் பாசஞ்சர் சின்ன ஸ்டேஷனில் நிற்கும்போது அது சரியான காட்சி. லூப்பை மெயின் லைனுக்கு உட்பக்கமாகப் போடுங்கள், பிளாட்பாரம் முன்பக்கம் மெயின் லைனை ஒட்டி வரட்டும்.

6. கூட்ஸ் சைடிங்

ஒரே ஒரு சைடிங் போதும். லூப்பின் இணையான 248 மி.மீ. பகுதியில் 186 மி.மீ. பாயிண்ட்டும் 62 மி.மீ. துண்டும் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். சைடிங் அங்கிருந்து இன்னும் உட்பக்கமாகப் பிரிந்து, முனை வளைவின் உள்ளே கொஞ்சம் நீளலாம். 350 மி.மீ. இருந்தால் 5 வேகன் நிற்கும். நான் மூன்றுதான் நிறுத்துவேன். மிச்ச இடத்தில்தான் ஷண்டிங் செய்ய முடியும்.

பிரியும் திசையைக் கவனியுங்கள். சைடிங் வலப்பக்கமாக நீள்கிறது என்றால், வலமிருந்து வரும் கூட்ஸ் பாயிண்ட்டைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் தள்ளி வேகனை உள்ளே விட்டுவிடலாம். இடமிருந்து வரும் வண்டிக்கு இன்ஜின் முன்னால் இருப்பதால் நேரடியாக முடியாது. இன்ஜினைக் கழற்றி, காலியாக இருக்கும் மெயின் லைன் வழியே சுற்றிக்கொண்டு வந்து, வண்டியின் பின்பக்கம் மாட்டி, அப்புறம் தள்ள வேண்டும். இதற்கும் அந்த லூப்தான் உதவுகிறது. ஷண்டிங் முடிகிற வரை பாசஞ்சர் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும், நிஜ ஸ்டேஷன் மாஸ்டருக்கு இருக்கும் அதே தலைவலி.

7. வண்டி எங்கிருந்து வருகிறது?

சுற்றுப்பாதை பொம்மை மாதிரித் தெரிவதற்குக் காரணம், போன வண்டி பத்து விநாடியில் மறுபக்கம் வந்துவிடுவதுதான். இதற்கு எளிய வழி உண்டு. பின்பக்க நேர்ப் பாதையிலும் இதே போல ஒரு லூப் போட்டு, அதன் முன்னால் 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு மெல்லிய அட்டையோ பலகையோ நிறுத்தி, வானமும் மலையும் வரைந்துவிடுங்கள். சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி நிறுத்தினால் போதும், முன்பக்கம் 60 செ.மீ. ஆழத்துக்குக் காட்சி கிடைக்கும்.

மறைவில் இருக்கும் அந்த இரண்டு லைன்தான் ‘அடுத்த ஊர்’. பாசஞ்சர் அங்கே போய் நிற்கும். நீங்கள் ஸ்டேஷனில் கூட்ஸ் வேலையை முடித்துவிட்டு அப்புறம் அதைக் கூப்பிடலாம். முன்னால் இரண்டு லைன், பின்னால் இரண்டு லைன், மொத்தம் நாலு. மூன்று வண்டிகள் வரை வைத்துக்கொள்ளலாம், ஒரு லைன் எப்போதும் காலியாக இருந்தால்தான் நகர்த்த முடியும். அட்டையைக் கழற்றி எடுக்கும்படி வையுங்கள். தடம்புரள்வது பெரும்பாலும் பாயிண்ட்டில்தான், மறைவான பாயிண்ட்டுக்குக் கை போக வேண்டும்.

விட்டுவிட வேண்டியவை

முதல் பலகையில் ரயில் போகும் மேம்பாலம் வேண்டாம். ஒரு லைனுக்கு மேல் இன்னொரு லைன் போக ‘என்’ ஸ்கேலில் சுமார் 50 மி.மீ. உயரம் ஏற வேண்டும். நூற்றுக்கு 2 என்ற ஏற்றத்தில் அதற்கு 2.5 மீட்டர் நீளம் தேவை, இறங்க இன்னொரு 2.5 மீட்டர். நம் சுற்றின் மொத்த நீளமே 4 மீட்டர். நூற்றுக்கு 4 வைத்தால் கொள்ளும், ஆனால் இன்ஜின் இழுக்கும் பெட்டிகள் குறையும்.

சுற்றுக்குள் குறுக்கே ஒரு லைன் போட்டு வண்டியைத் திசை திருப்பும் அமைப்பும் இப்போதைக்கு வேண்டாம். மின்சாரம் இரண்டு தண்டவாளங்களிலும் தனித்தனியே ஓடுகிறது. வண்டி திரும்பி வந்து அதே பாதையில் சேரும்போது இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். எந்தத் திட்டத்தையும் இதற்காகச் சோதிக்க ஒரு வழி: காகிதத்தில் ஒரு தண்டவாளத்தைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் விடாமல் வரைந்துகொண்டே போங்கள். சிவப்பு எங்காவது நீலத்தைத் தொட்டால் அங்கே தனி இணைப்பு வேலை தேவைப்படும். நம் திட்டத்தில் தொடாது.

8. மின்சாரம்

தொடக்கத்துக்குச் சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் போதும். ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியே இயக்கும் டிசிசி முறை அருமையானது, ஆனால் இந்தப் பலகைக்கு அவசியமில்லை. கேட்டோவின் 6-ஆம் எண் பாயிண்ட் எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறதோ அந்த லைனுக்கு மட்டும் மின்சாரம் விடும். லூப்பின் இரு முனைப் பாயிண்ட்டையும் மெயின் லைனுக்குத் திருப்பினால் லூப்பில் நிற்கும் வண்டி அப்படியே நிற்கும், மெயின் லைன் வண்டி மட்டும் ஓடும். ஒரே கன்ட்ரோலரில் இரண்டு வண்டி கிராஸிங்! இதற்கு, கன்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் ஃபீடர் வயர்களை லூப்புக்குள் கொடுக்கக் கூடாது. இரண்டு முனை வளைவுகளிலும் ஒரு ஜோடி கொடுங்கள்.

ஜப்பானிலிருந்து கன்ட்ரோலர் வரவழைப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். அங்கே 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், நம் வீட்டில் 230 வோல்ட். அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கில் சொருகாதீர்கள்.

9. வரைதல், பரப்புதல், ஓட்டிப் பார்த்தல்

எக்ஸ்ட்ராக்கேட் என்ற இலவச மென்பொருளில் தண்டவாளத் துண்டுகளை நிஜ அளவில் வைத்துப் பார்க்கலாம். ஸ்கார்ம், எனிரெயில் ஆகியவற்றிலும் முடியும். கம்ப்யூட்டர் வேண்டாம் என்றால் பிரவுன் பேப்பரை 6-க்கு 2.5 அடியில் ஒட்டி, நிஜ அளவிலேயே வரையுங்கள். பீக்கோ நிறுவனம் தன் பாயிண்ட்டுகளின் நிஜ அளவுக் காகித அச்சுகளை இலவசமாகத் தருகிறது. அந்தப் பாயிண்ட்டை வாங்குவதாக இருந்தால் அச்செடுத்து, வெட்டி, பேப்பரில் நகர்த்திப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் சுற்று, பிறகு முன் லூப்புக்கான இரண்டு பாயிண்ட், அடுத்து சைடிங், கடைசியில் பின் லூப். ஒவ்வொன்று வந்ததும் பலகையில் ஒட்டாமல் பரப்பி ஓட்டுங்கள். நீளமான பெட்டியை இன்ஜின் இல்லாமல் கையால் எல்லாப் பாயிண்ட்டிலும், எல்லாத் திசையிலும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் தட்டும் இடத்தில் இணைப்பைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். பிறகு முழு வண்டியை முன்னாலும் பின்னாலும் ஓட்டுங்கள். பின்னால் தள்ளும்போதுதான் பாதையின் குறைகள் தெரியும்.

ஃபௌலிங் மார்க் கணக்கையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். லூப்பில் வண்டியை நிறுத்தி, மெயின் லைனில் இன்னொரு பெட்டியைத் தள்ளி, உரசாமல் போகும் கடைசி இடத்தில் ஸ்லீப்பர் கட்டை மேல் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு வாரமாவது இப்படி ஓட்டி, கிராஸிங்கும் ஷண்டிங்கும் செய்து பார்த்த பிறகு பாதையின் விளிம்பைப் பென்சிலால் பலகையில் வரைந்துகொண்டு, ஆணியோ பசையோ எடுக்கலாம். பாயிண்ட்டுக்கு அடியில் மட்டும் பசை தடவாதீர்கள்.